ஈச்சந்துறைச் சாலையின் சிவப்புக் கோடு

அந்தப் பொறியாளரின் காலணியில் நான் ஒரு நாளும் சேறு பார்த்ததில்லை. பழுப்பு நிறத் தோல் ஷூ. திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். ஒரு தோலைத் தடவிப் பார்த்தே அது எத்தனை வருடம் உழைத்தது என்று சொல்லிவிடுவார் என் அத்தா. அதில் கால்வாசியாவது எனக்கும் வரும். அந்த ஷூவுக்கு வயது இருந்தது, உழைப்பு இல்லை. ஆறு வருடம் அவருக்குக் கீழே நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தேன். அந்த ஆறு வருடத்தில் அவர் ஜீப்பை விட்டு இறங்கிய தடவைகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும். சாலையில் பள்ளம் விழுந்திருந்தால் கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கி, “ஆழமா?” என்பார். “ஆழந்தான் சார்” என்றால், “சரி, மூடிருங்க” என்று கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். அன்று சாயங்காலம் பதிவேட்டில் ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது’ என்று எழுதுவார். கையெழுத்து உண்மையிலேயே அழகாக இருக்கும். அவரிடம் நான் குறை சொல்ல முடியாத ஒரே விஷயம் அதுதான்.

எங்கள் பொறுப்பில் இருந்தது ஈச்சந்துறைச் சாலை. மொத்தமே பதினோரு கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து மேற்கே போகும் பெரிய சாலையில் ஒரு வளைவில் பிரிந்து, இரண்டு மலைகளுக்கு நடுவே ஆற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். முதல் மூன்று கிலோமீட்டர் சோளக்காடும் முருங்கைத் தோட்டமும். அதற்குப் பிறகு மலை இரண்டு பக்கமும் நெருங்கிவிடும். வெயில்கூட பத்து மணிக்கு மேல்தான் தரையைத் தொடும். ஆறு முதலில் இடது பக்கம் வரும், பிறகு வலது பக்கம், பிறகு மறுபடி இடது. மூன்று இடத்தில் சாலை ஆற்றைத் தாண்ட வேண்டும். இரண்டு இடத்தில் பாலம் உண்டு. மூன்றாவது இடத்தில், ஈச்சந்துறைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், வெறும் தரைப்பாலம்தான். சாதாரண நாளில் தண்ணீர் அதன் அடியில் குழாய்களில் ஓடும். மழை நாளில் மேலேயே ஓடும். அந்தப் பக்கம் இருநூறு வீடுகள் இருந்தன. எலுமிச்சை, அவரை, பலா, கொஞ்சம் காப்பி என்று அவர்கள் விளைவித்ததும், அவர்களுக்குப் பிள்ளை பிறப்பதும், காய்ச்சல் வருவதும் எல்லாம் அந்தத் தரைப்பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். துறையின் பட்டியலில் அது ‘மாவட்ட இதரச் சாலை’. அந்த ‘இதர’ என்ற சொல்லை எவரோ யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

தரைப்பாலத்தின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு ஓர் அளவுக்கல் நட்டிருந்தார்கள். கறுப்பும் வெள்ளையுமாக அடி அளவு, நடுவே ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் பாலத்தின் மேல் கணுக்கால் ஆழத்துக்கு ஓடுகிறது என்று பொருள். தொட்டதும் சாலையை மூடிவிட வேண்டும். கணுக்கால் அளவுதானே என்று சமவெளிக்காரர்களுக்குத் தோன்றும். மலையிறங்கி வரும் தண்ணீரில் கணுக்கால் அளவு போதும், நிற்கிற ஆளின் காலடிக் கல்லை உருவிக்கொண்டு போக. சாலையை மூடுகிற வேலை எங்கள் மேஸ்திரியுடையது. அவர் ஈச்சந்துறைக்காரர், ஏழு சாலைப் பணியாளர்களுக்குத் தலைவர். அவரை நல்லவராகக் காட்டுவதற்காக நான் எதையும் மறைக்கப் போவதில்லை. சத்தமாகப் பேசுவார், மத்தியானம் சாப்பிட்டதும் மரத்தடியில் சாய்ந்துவிடுவார், வெற்றிலை எச்சிலைக் கிலோமீட்டர் கல்லின் மீதே துப்புவார். ஆனால் ஆற்றைப் பார்க்கத் தெரிந்தவர். தண்ணீரின் நிறம் கொஞ்சம் மங்கினாலே, “மேல ஊத்துது பாய், செத்த நேரத்துல எறங்கிரும்” என்பார். உடனே ஒரு கொடுக்காப்புளிக் கிளையை வெட்டிச் சாலையின் குறுக்கே இழுத்துப் போட்டு, அதில் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு மந்திரியே வந்தாலும் கிளை நகராது.

மந்திரி வரவில்லை, எஸ்டேட் முதலாளி ஒருவர் வந்தார். ஈச்சந்துறைக்கு மேலே அவருக்குக் காப்பித் தோட்டமும் விருந்தினர் தங்கும் பங்களாவும் இருந்தன. இரண்டு முறை அவருடைய விருந்தினர்களின் கார் கிளைக்கு முன்னால் நின்றுவிட்டது. சென்னையிலிருந்து வந்த ஆட்கள் நாலு மணி நேரம் காரில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தார்களாம்; பணம் கொடுத்து மலை பார்க்க வந்தவர்களுக்கு ஆற்றைச் சும்மா காட்டிவிட்டோம், அதுதான் குற்றம். அவர் மேலிடத்தில் சொல்ல, மேலிடம் பொறியாளரிடம், இந்தச் சாலை ஏன் இத்தனை நாள் மூடிக்கிடக்கிறது என்று விளக்கம் கேட்டது.

பொறியாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையின் மீது இருந்த பேனாக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“பாலத்தை உசத்த முடியாது, இல்லையா?”

“நாலு தடவ திட்ட மதிப்பீடு போட்டு அனுப்பியாச்சு சார். வரல.”

“அப்ப கோட்டை உசத்துங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பாலத்தை உயர்த்தினாலும் மூடுகிற நாட்கள் குறையும். கோட்டை உயர்த்தினாலும் குறையும். காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். “ரோடு மொதல்ல பேப்பர்லதான் போடணும், அப்புறந்தான் தரையில” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். புதிதாக வரும் இளம் பொறியாளர்களிடம் அதை ஒரு ஞானம் மாதிரி சொல்லுவார், அவர்களும் தலையாட்டுவார்கள். நான் எழுந்திருக்கும்போது, “உங்க டிரான்ஸ்ஃபர் ஃபைல் எங்கிட்டதான் இருக்கு, பாத்துட்டுத்தான் இருக்கேன்” என்றார். திண்டுக்கல் ஊருக்குள்ளேயே மாறுதல் கேட்டு நான் இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். அவர் என்னை மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய அளவுக்கு நான் கடினமான ஆள் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “கோட்ட ஏத்துனா தண்ணி எறங்கிருமா பாய்? நான் போட மாட்டேன். வேற ஆளப் பாருங்க” என்றார். வேறு ஆளைப் பார்க்கவில்லை. பணியாளர்கள் யாரும் தூரிகையைத் தொடவில்லை. நானே பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு இறங்கி, பழைய கோட்டை வெள்ளை அடித்து மறைத்து, ஒரு முழம் மேலே புதிய கோடு போட்டேன். ஏழு பேரும் பாலத்தின் கைப்பிடிக் கல்லில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு நேராக வரவேண்டும் என்று நூல் பிடித்துப் போட்டேன். செய்கிற அயோக்கியத்தனத்தைக் கோணலில்லாமல் செய்ய வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றுகிறதே.

அடுத்த ஒரு வருடம் மழை குறைவு. சாலை அனேகமாக மூடப்படவே இல்லை. மேஸ்திரி மட்டும் இரண்டு முறை கோட்டைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக் கிளை போட்டார். அதற்காக அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. பொறியாளருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. ஈச்சந்துறைக்காரர்கள்கூட, பஸ் தவறாமல் வருகிறது என்ற சந்தோஷத்தில், அவரை ஊருக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். அன்று அவர் ஜீப்பை விட்டு இறங்கினார். வாழைமரம் கட்டிய மேடையில் நின்று, “இயற்கையை வெல்வதுதான் பொறியியல்” என்று பேசினார். திரும்பும்போது தரைப்பாலத்தைத் தாண்டுகையில் நான் பின்னால் உட்கார்ந்து கவனித்தேன். குழாய்களில் கொஞ்சம்போலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இயற்கையை வென்றவர் கண்ணை மூடிக்கொண்டு, முன்சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்த மனிதருக்கு ஆற்றைக் கண்டால் பயம். ஆறு வருடம் ஏன் அவர் கண்ணாடியை நாலு விரற்கடைக்கு மேல் இறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பயப்படுகிறவனை நான் இகழமாட்டேன். தனக்கு இருக்கிற பயம் அடுத்தவனுக்கு இருக்கக்கூடாது என்று கோட்டை மாற்றுகிறவனை என்ன சொல்ல?

அதற்கு அடுத்த ஐப்பசி. மத்தியானம் மூன்று மணியிருக்கும். பள்ளத்தாக்கில் மழை இல்லை, மேலே மலை முகட்டில் மட்டும் கறுத்துக் கிடந்தது. நான் தரைப்பாலத்துக்குப் போனபோது மேஸ்திரி கிளையைக் குறுக்கே போட்டு முடித்திருந்தார். தண்ணீர் பாலத்தின் மேல் ஏறி, கலங்கிப்போய், சுள்ளிகளை இழுத்துக்கொண்டு ஓடியது. அளவுக்கல்லைப் பார்த்தேன். புதிய கோட்டுக்கு இன்னும் நாலு விரற்கடை இருந்தது. அரை மணியில் பஸ் வந்து கிளைக்கு முன்னால் நின்றது. கீழே இருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் பிள்ளைகள், சந்தைக்குப் போய் வந்த பெண்கள், பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்கா என்று இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஓட்டுநர் அந்தத் தடத்துக்குப் புதியவர். இறங்கி வந்து அளவுக்கல்லைப் பார்த்துவிட்டு, “கோட்டத் தொடலயே, பின்ன எதுக்குண்ணே கிளை?” என்றார். மேஸ்திரி ஆற்றை நோக்கிக் கையைக் காட்டினார். ஓட்டுநர் என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில் செல்போன் எடுக்காது. நூறு அடி தள்ளி ஒரு பாறைமேல் ஏறினால்தான் எடுக்கும். ஏறிப் பொறியாளரைக் கூப்பிட்டேன். நிலைமையைச் சொன்னேன். “கோட்டுக்குக் கீழதானே இருக்கு?” என்றார். ஆமாம் என்றேன். “அப்புறம் என்ன? எஸ்டேட்காரர் வண்டியும் பின்னாடி வந்துட்டிருக்கு. விடச் சொல்லுங்க. இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா நான் பொறுப்பில்ல.” வைத்துவிட்டார். அவர் திண்டுக்கல்லில், மின்விசிறிக்குக் கீழே இருந்தார். அது சுற்றுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

இறங்கி வந்து மேஸ்திரியிடம் கிளையை எடுக்கச் சொன்னேன். அவர் அசையவில்லை. “பாய், கோடு நீங்க போட்டது. தண்ணி நீங்க விட்டதில்ல” என்றார். சத்தமாகப் பேசும் மனிதர், அன்று மெதுவாகத்தான் சொன்னார். அந்த இடத்தில் நான் ‘சரி, நில்லுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாறுதல் இன்னொரு வருடம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். நான் குனிந்து கொடுக்காப்புளிக் கிளையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் போட்டேன். உள்ளங்கையில் முள் ஏறியது. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார்; பஸ் இறங்கியது.

பாதிப் பாலத்தில் என்ஜின் நின்றுவிட்டது. ஓட்டுநர் திரும்பத் திரும்ப முடுக்கினார். வெறும் இருமல் சத்தம்தான். மேலே பெய்த மழையின் தண்ணீர் அப்போதுதான் வந்து சேர்ந்தது. கண்ணெதிரே அளவுக்கல்லில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது, மூடியது, அதற்கு மேலும் போனது. பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். நான் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மேஸ்திரி தார் டிரம்களைக் கட்டும் கயிற்றை ஒரு மருத மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மறு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இருந்தார். “ஏலே, ஒருத்தம் பின்னால ஒருத்தம் வாங்கடா, கைய விட்றாதீங்க!” அவருடைய ஆட்கள் கயிற்றைப் பிடித்து வரிசையாக இறங்கினார்கள். சன்னல் வழியாக அந்த அக்கா பிள்ளைகளை ஒவ்வொருவராக எடுத்துக் கொடுத்தார். இவர்கள் தோளில் வாங்கிக் கரைக்குக் கடத்தினார்கள். நான் மரத்தடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிறு மரத்தில்தான் இருந்தது; நான் பிடிக்காவிட்டாலும் அது நின்றிருக்கும். எல்லாரும் வந்துவிட்டார்கள். கடைசியாகச் சன்னலில் கால் வைத்தது அந்த அக்கா. மேஸ்திரி கையை நீட்டினார்; விரலைத் தொட்டதாகப் பிற்பாடு சொன்னார். ஒரு பெரிய மரம் வந்து பஸ்ஸின் பின்பக்கத்தில் இடித்தது. பஸ் சாய்ந்தது. மேஸ்திரியைக் கயிறு இழுத்துப் பிடித்தது. அந்த அக்காவைப் பிடிக்க ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்துச் சமவெளியில், முருங்கைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில்தான் கிடைத்தார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இருவருமே அன்று அந்தப் பஸ்ஸில் வந்து, அவர் கையாலேயே சன்னல் வழியாகக் கரையேறியவர்கள்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் பொறியாளர் வந்தார். தண்ணீர் வடிந்திருந்தது. ஜீப்பை இருபது அடிக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி, உலர்ந்த இடமாகப் பார்த்து இறங்கி, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். சாய்ந்து கிடந்த பஸ்ஸை அவர் பார்க்கவில்லை, அளவுக்கல்லைப் பார்த்தார். “விசாரணைக்கு ஆள் வர்றதுக்குள்ள கோட்டைப் பழைய எடத்துக்கே கொண்டுவந்துருங்க” என்றார். ஜீப்பில் பெயிண்ட் டப்பாவும் தூரிகையும் இருந்தன. திண்டுக்கல்லிலிருந்து மறக்காமல் வாங்கி வந்திருந்தார். ஆறு வருடத்தில் ஒரு வேலைக்குத் தேவையான சாமானை அவர் தானே கொண்டுவந்தது அந்த ஒரு முறைதான். நான் இறங்கினேன். இந்த முறை பார்க்க யாரும் இல்லை. ஊரே அந்த அக்காவைத் தேடி ஆற்றோரமாகக் கீழே போயிருந்தது. மேலிருந்த கோட்டை அழித்தேன், ஒரு முழம் கீழே புதிதாகப் போட்டேன். ஈரம் தெரியாமலிருக்க அதன்மேல் சேற்றைத் தடவினேன். அந்த யோசனை அவருடையது அல்ல, என்னுடையது.

கோடு கீழே வந்ததும் கணக்கு நேராகிவிட்டது. தண்ணீர் அபாயக் கோட்டைத் தாண்டிய பிறகும் பஸ் விடப்பட்டிருக்கிறது. யார் விட்டது? கிளையை ஒருவர் இழுத்துப் போட்டு வழிவிட்டார் என்று ஓட்டுநர் சொன்னார். அதை ‘சாலைப் பணியாளர் தடுப்பை அகற்றினார்’ என்று எழுதிக்கொண்டார்கள். பணியாளர்கள் தினக்கூலிகள், “நாங்க பாக்கல” என்றார்கள். கிளையை எடுத்தது மேஸ்திரி இல்லை என்று ஊரார் கொடுத்த மனுவுக்கு, விசாரணை முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. என் வாக்குமூலத்தைப் பொறியாளரே சொல்லிக்கொடுத்தார். “நீங்க போன் பேச மேல பாறைக்குப் போயிருந்தீங்க, இல்லையா? அப்ப நீங்க ஸ்பாட்ல இல்ல. பொய்யில்லையே?” பொய்யில்லைதான். நான் பாறையில் இருந்த நேரத்தை எழுதினேன், இறங்கி வந்த நேரத்தை எழுதவில்லை. மேஸ்திரி வேலைநீக்கம் செய்யப்பட்டார். கடப்பாரையையும் மண்வெட்டிகளையும் ஒப்படைக்க அலுவலகத்துக்கு வந்தவர், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் எனக்கு மாறுதல் உத்தரவு வந்தது.

அதற்குப் பிறகு பதினோரு வருடம். நான் ஊருக்குள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பொறியாளர் படிப்படியாக உயர்ந்து பெரிய அதிகாரியாக ஓய்வு பெற்று, திண்டுக்கல்லிலேயே வீடு கட்டிக்கொண்டு, கல்லூரிகளில் நேர்மையைப் பற்றி உரையாற்றத் தொடங்கினார். சென்ற ஆண்டு ஏதோ ஒரு சங்கம் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. அவருடன் பணியாற்றியவர்கள் சார்பில் நான் பேச வேண்டும் என்றார்கள். அவரே என் பெயரைக் கொடுத்திருக்கிறார். என்மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நம்பிக்கை வீணாகவில்லை. நான் ஒலிபெருக்கியின் முன் நின்று, அவர் கடமை தவறாதவர், களத்துக்கு வந்து வேலை பார்ப்பவர் என்று பேசினேன். கைதட்டினார்கள். பிறகு எல்லாருக்கும் பிரியாணி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி மட்டும் இலைக்கு முன்னால் உட்கார மறுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள்: “மைக்குல பேசுனது நீங்கதானா?”

“என்ன செய்யச் சொல்ற? கூப்பிட்டாங்க, பேசுனேன்.”

“இம்புட்டு வருசத்துல அந்த மேஸ்திரி வாசல்ல ஒரு தடவ போயி நின்னுருக்கீங்களா? அடுத்தவன் ஹக்கு, அவனுக்குச் சேர வேண்டியது, உங்க கழுத்துல கெடக்கு. நீங்க எம்புட்டு நோன்பு புடிச்சாலும் அல்லா அத மன்னிக்க மாட்டான். அந்த மனுசந்தான் மன்னிக்கணும்.”

பொறியாளரை நான் மனதுக்குள் இகழாத நாள் கிடையாது. அந்த இகழ்ச்சி எனக்கு ஒரு சௌகரியமான நாற்காலியாக இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரைக் கேவலமாக நினைக்க நினைக்க, நான் அவரைவிட மேல் என்று இருந்துவிடலாம் இல்லையா? கோட்டைப் போடச் சொன்னவர் அவர். போட்டவன் நான், இரண்டு முறையும் நான்.

மேஸ்திரி பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டியில் இருப்பதாக ஈச்சந்துறையில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நடந்ததையெல்லாம், கிளையை இழுத்ததையும் இரண்டு முறை கோடு போட்டதையும், ஆறு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு வெல்ல ஆலையில் கொப்பரைக்கு அடியில் கரும்புச் சக்கையைத் தள்ளித் தீ எரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆலைக்காரப் பெண்மணி, “ஏனுங்க, உங்களைப் பாக்க ஆரோ வந்திருக்காங்க” என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தார். யார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். காகிதத்தை நீட்டினேன், வாங்கவில்லை.

“எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்தீங்க? மொத எழுதுனத எங்க குடுத்தீங்களோ, அங்க கொண்டுபோயிக் குடுங்க.”

“மன்னிச்சிருங்க மேஸ்திரி.”

“நான் உசுரோடதான இருக்கேன். இதெல்லாம் அந்தச் சத்துணவு அக்காகிட்டல்ல கேக்கணும்” என்றார். கொப்பரை பொங்கியது. அவர் எழுந்து சக்கையைத் தள்ளப் போய்விட்டார்.

மறுநாளே அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன். ஒரு வாரத்தில் பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அதுவே முதல் தடவை. “என் பேரை எழுதிருக்கீங்களா?” என்றார். “நீங்களும்தானே மாட்டுவீங்க?” என்றார். “வயசான காலத்துல இது தேவையா? பேசித் தீத்துக்கலாமே” என்றார். கால் மணி நேரம் பேசினார். அந்த அக்காவைப் பற்றியோ மேஸ்திரியைப் பற்றியோ ஒரு சொல் வரவில்லை. “மொதல் வரியில என் பேருதான் சார் இருக்கு, உங்க பேரு ரெண்டாவது” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரியின் வேலைநீக்க உத்தரவு ரத்தானது. அவருக்குச் சேர வேண்டியது வந்து சேர்ந்தது. பொறியாளர் மீதும் என் மீதும் நடவடிக்கை இல்லை. ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆனவர்களைத் தொட விதியில் இடமில்லையாம். எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து எழுதிய விதியாகத்தான் இருக்க வேண்டும். பொறியாளர் மாரடைப்பு வரும்போல இருக்கிறது என்று மருத்துவச் சான்றிதழ் அனுப்பி, விசாரணைக்கு வராமலேயே தப்பித்துக்கொண்டார். இன்றும் காலையில் மலைக்கோட்டையைச் சுற்றி வேகநடை போகிறார்.

விசாரணைக்கு மேஸ்திரி வந்திருந்தார். வெளுத்த வேட்டி, முழுக்கைச் சட்டை. வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் இடம் இருந்தும், எதிர்ச் சுவரோரம் நின்றார். உள்ளே கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி இளம்பெண். என் ஆறு பக்கத்தையும் புரட்டிவிட்டு, என்னைக் காட்டி மேஸ்திரியிடம் கேட்டார்: “இவரை உங்களுக்குத் தெரியுமா?”

முன்பெல்லாம் என்னைப் ‘பாய்’ என்று கூப்பிட்டவர், என் மகள் பிறந்தபோது பலாப்பழத்தைத் தலையில் சுமந்து வீட்டுக்கு வந்தவர், என்னை ஒரு முறை முழுதாகப் பார்த்தார்.

“தெரியும்ங்கம்மா. கிளைய இழுத்துப் போட்டவரு.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்று, ஆமாம் என்றேன்.